மிச்சம் வைக்காத கஞ்சி: புயல் நாளில் வீட்டுச் சமையல்

நீங்கள் கேட்டது இது: நாளை இரவு புயல் கரையைக் கடக்கும் என்கிறது வானிலை அறிக்கை. வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் வெளியே தலைகாட்ட முடியாது. வீட்டில் ஐந்து பேர். அதில் ஒரு சின்னக் குழந்தை, ஒரு வயதானவர். ஃப்ரிட்ஜ் நிரம்பியிருக்கிறது. எல்லாருக்கும் பிடித்த மாதிரி, மனசுக்கு இதமாக ஏதாவது ஒன்றைப் பெரிய பாத்திரத்தில் இன்றைக்கே செய்து வைத்துவிட்டால், இரண்டு நாளும் கவலையில்லாமல் இருக்கலாமா?

செய்து வைக்காதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். புயல் நாளில் ஆறுதல் தரும் சாப்பாடு அடுப்பிலிருந்து இறக்கியதும் சாப்பிடுகிற சாப்பாடு. ஒரு வேளைக்குப் போதுமான அளவு, பாத்திரத்தில் மிச்சம் இல்லாமல். அளந்து வைப்பது, உரித்து வைப்பது, பொடித்து வைப்பது எல்லாம் முன்கூட்டியே நடக்கட்டும். வேகவைப்பது மட்டும் அந்தந்த வேளையில் போதும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெந்த சோறோ பருப்போ பெரிய பாத்திரத்தில் இருந்தால் ஆறுவதற்கு நெடுநேரம் ஆகும். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும் நேரம்தான் கிருமிகள் பெருகும் நேரம். சோற்றில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் பச்சரிசியானாலும் புழுங்கலரிசியானாலும் இருக்கக்கூடியவை; கொதிக்கும் தண்ணீரிலும் பிழைத்துவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை விட்டுவைக்கும். அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. மறுநாள் காலையில் 'தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டேனே' என்று நினைத்துக் கொடுப்போம். கிருமி செத்திருக்கும், நச்சு அப்படியே இருக்கும். சாதாரண நாளில் ஃப்ரிட்ஜ் இதைத் தடுக்கிறது. புயல் நாளில் ஃப்ரிட்ஜே சந்தேகம்.

எங்கள் வீட்டில் இது நடந்திருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஆக்கிய சோறு, பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று, மறுநாள் மத்தியானம் பசியில் சூடுபண்ணிச் சாப்பிட்டோம். சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கு வாந்தி. வெளியே காற்று, குழாயில் தண்ணீர் இல்லை, மருத்துவரிடம் போக வழியில்லை. அன்றைக்குப் பட்டதுதான் இந்தப் பதிலின் அடிப்படை. ஒரு வேளை பசியோடு இருப்பதைவிடப் பல மடங்கு மோசமானது அது.

சரி, இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் நேரத்தில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஃப்ரீசர். காலியாக இருக்கும் இடத்தையெல்லாம் தண்ணீர் பாட்டில்களால் நிரப்புங்கள். விளிம்புவரை ஊற்றாதீர்கள், உறையும்போது தண்ணீர் விரியும். ஒரு கிலோ பனிக்கட்டி வெறுமனே உருகித் தண்ணீராக மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கத் தேவையான வெப்பத்துக்குச் சமம். அதனால்தான் நிரம்பிய ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும்; பாதி நிரம்பியது 24 மணி நேரம். ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதிக்குச் சுமார் 4 மணி நேரம்தான், அதுவும் கதவைத் திறக்காமல் இருந்தால். உருகிய பிறகு அந்த பாட்டில் தண்ணீரைக் குடிக்கவும் செய்யலாம், ஆக எதுவும் வீணில்லை.

இன்னொரு சின்ன வேலை. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அது கல்லாக ஆனதும் மேலே ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். நடுவில் மின்சாரம் போய் வந்து, எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தது என்று தெரியாமல் போனால் அந்த நாணயம் சொல்லும். மேலேயே இருந்தால் உள்ளே எதுவும் உருகவில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் எல்லாம் ஒரு முறை முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த இறைச்சியை, மீனைத் தொடாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். குடிக்க, சமைக்க, கைகழுவ என்று தலைக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர். புயல் இரண்டு நாளில் போனாலும் குழாய் ஓடத் தொடங்க மூன்றாவது நாள் ஆகலாம், அதனால்தான் மூன்று. பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் தனியாக வாளிகளில் பிடித்து வையுங்கள். இருக்கிற எல்லாப் பாத்திரத்தையும் இன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். இடி இடிக்கும்போது குழாயடியில் நின்று பாத்திரம் தேய்க்கக் கூடாது. மின்னல் உலோகக் குழாய் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் வீட்டுக்குள் வரும். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்துத் தொட்டால் போதும்.

பிறகு டப்பாக்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், குழந்தையையும் கூட வைத்துக்கொண்டு செய்யலாம். ஐந்தாறு சிறிய டப்பாக்களை நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேளைக்கான உலர்ந்த பொருள்களைப் போடுங்கள்: அரிசி, பருப்பு, இரண்டு சிட்டிகை மிளகுப்பொடியும் தேவையான உப்பும் தனியாக ஒரு சின்னப் பொட்டலமாக. அளவும் கல் பொறுக்குவதும் இன்றைக்கே முடிந்துவிடும். நாளை ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டாம், ஒரு டப்பாவைத் திறந்து பாத்திரத்தில் கொட்டினால் போதும். பூண்டை உரித்து வையுங்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி, இஞ்சி இவையெல்லாம் ஃப்ரிட்ஜே கேட்காதவை. ஒரு கூடையில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் மின்சாரம் போன நொடியில் உங்கள் சமையலறை மூடிவிட்டது என்று பொருள். அப்படியானால் கீழே சொல்லப்போகிற போர்வை முறையும், வேகவைக்கத் தேவையில்லாத உணவும்தான் கைகொடுக்கும். கேஸ் அடுப்பு இருந்தால் தீப்பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வையுங்கள். பொத்தானை அழுத்திப் பற்றவைக்கும் அடுப்புகளில் மின்சாரத்தை நம்பியவை உண்டு. சமைத்து முடித்ததும் அடுப்பில் மட்டும் நிறுத்தாமல் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள்.

கரி அடுப்பு, வெளியில் வைத்து இறைச்சி வாட்டும் அடுப்பு, முகாம்களுக்கு எடுத்துப்போகும் சின்ன அடுப்பு இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஜன்னல் திறந்திருக்கிறதே என்ற சமாதானம் உதவாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவர் அதைக்கூட உணராமல் இறந்துபோவார். காற்று புகாதபடி கதவு ஜன்னலை அடைத்து உட்கார்ந்திருக்கும் புயல் ராத்திரிதான் இதற்கு மிக மோசமான நேரம். ஜெனரேட்டருக்கும் இதே விதி: வீட்டைவிட்டுக் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், ஜன்னலுக்கு எதிரில் இல்லாமல்.

எண்ணெய்ச் சட்டியையும் அன்றைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். மழை பெய்தால் பொரித்த பண்டம் தின்ன ஆசை வருவது இயல்பு, எனக்கும் வரும். ஆனால் 180 டிகிரியில் காயும் எண்ணெய், அரை இருட்டு, காலைச் சுற்றும் குழந்தை, திடீரென்று அடித்துக்கொள்ளும் கதவு, இவை நான்கும் ஒரே அறையில் வேண்டாம். ஆசையாக இருந்தால் மின்சாரம் இருக்கும் இன்றைக்கே பொரித்துத் தின்றுவிடுங்கள்.

இன்றைக்குச் சமைக்க வேண்டியது எது? ஃப்ரிட்ஜில் முதலில் கெடப்போவது எதுவோ அது. பால், மீன், இறைச்சி, கீரை. நாளைக்கு என்று வைத்தால் இவை நாளைக்கு இருக்காது. கோழி இருந்தால் சின்னத் துண்டுகளாக வெட்டி சூப் வையுங்கள். சின்னத் துண்டு என்றால் உள்வரை வேகும், எரிவாயுவும் குறையும். வெங்காயம், பூண்டு, இஞ்சியைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, வாடத் தொடங்கிய கேரட்டையும் கீரைத் தண்டையும் போட்டு, துண்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, முதல் கொதியில் மேலே வரும் நுரையை எடுத்துவிட்டுச் சிறு தீயில் அரை மணி நேரம். உப்பைக் கடைசியில் சரிபாருங்கள். தண்ணீர் வற்றும்போது உப்பு ஏறும். இன்றைக்கு ராத்திரி எல்லாரும் வயிறு நிறையக் குடியுங்கள். நாளைக்கு என்று அரைப் பாத்திரம் எடுத்து வைக்க மனம் வரும், வைக்காதீர்கள். கட்டாயம் மிஞ்சுகிறது என்றால் ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரீசரில் தள்ளுங்கள், ஃப்ரிட்ஜில் வேண்டாம். அதுவும் ஒரு பனிக்கட்டியாக மாறி மற்றவற்றைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

இனி கஞ்சிக்கு வருவோம். நான் இவ்வளவு தூரம் பேசியதே இதற்காகத்தான்.

புயலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அரிசியும் பருப்பும் சேர்ந்த கஞ்சியைவிடப் பொருத்தமான உணவு எனக்குத் தெரியாது. ஒரே பாத்திரம். ஒரே தீ. பல் இல்லாத குழந்தைக்கும் பல் விழுந்தவருக்கும் அதே பாத்திரத்திலிருந்து கொடுக்கலாம். பதற்றத்தில் தொண்டை அடைத்துச் சோறு இறங்காதவருக்குக்கூடக் கஞ்சி இறங்கும். காற்றின் சத்தத்தில் பயந்து உட்கார்ந்திருக்கும்போது நாம் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறோம். கஞ்சி தண்ணீரையும் உப்பையும் கேட்காமலே உள்ளே அனுப்பிவிடும். வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைவு என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு தம்ளர் அரிசி, கால் தம்ளர் பாசிப்பருப்பு அல்லது மசூர்பருப்பு, எட்டு தம்ளர் தண்ணீர். இது ஐந்து பேருக்கு ஒரு வேளைக்குச் சரியாக வரும். டப்பாவில் இருக்கும் அரிசி பருப்பை வெறும் பாத்திரத்தில் கொட்டி, சிறு தீயில் கையால் தொட்டால் சுடும் வரைக்கும் மட்டும் வறுங்கள். நிறம் மாற வேண்டாம். அந்த வறுத்த மணம்தான் வீட்டுக்குள் முதலில் பரவும். கூடத்தில் இருப்பவர்கள் 'என்ன அடுப்பில்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தாலே பாதி வேலை முடிந்தது. வறுத்ததை ஒரே ஒரு முறை கழுவி, தண்ணீர் ஊற்றி, பத்துப் பல் பூண்டையும் ஒரு விரல் நீளம் நசுக்கிய இஞ்சியையும் போட்டு மூடாமல் வையுங்கள்.

முதல் கொதி வரும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். கஞ்சி பொங்குவது கண்மூடித் திறக்கும் நேரத்தில். வெள்ளை நுரை பாத்திரத்தின் ஓரத்தில் வளையமாகக் கட்டும், பிறகு வளையம் நடுவை நோக்கிச் சுருங்கும், சுருங்கி முடிந்ததும் ஒரே மூச்சில் மேலே எழும்பி வரும். வளையம் சுருங்கத் தொடங்கும்போதே தீயைக் குறைத்து ஒரு மரக்கரண்டியைப் பாத்திரத்தின் குறுக்கே வையுங்கள். அடுப்பில் வழிந்து தீ அணைந்து, அணைந்தது இருட்டில் தெரியாமல், எரிவாயு கசிந்துகொண்டிருப்பதுதான் இந்த இடத்தில் உண்மையான ஆபத்து. அதனால்தான் பாத்திரம் பெரியதாக இருக்கட்டும், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

சிறு தீயில் முப்பது நிமிடம். நடுநடுவே அடிவரை கரண்டியை விட்டுக் கிளறுங்கள். முதலில் அரிசியும் தண்ணீரும் தனித்தனியாகவே இருக்கும்; கரண்டியை எடுத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். அரிசி மணிக்குள் இருக்கும் மாவுப்பொருள் 65, 70 டிகிரியைத் தாண்டியதும் தண்ணீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும், பிறகு மணி உடைந்து அது வெளியே கசியும். கரண்டியிலிருந்து சொட்டாக விழுந்தது ஒரு நூலாக விழத் தொடங்கினால் கஞ்சி ஆகிவிட்டது. குமிழியின் சத்தமும் மாறும்: சலசலப்பு போய், கனமாக 'பொளக், பொளக்' என்று ஒன்றொன்றாக வெடிக்கும். இருட்டில் சமைக்கும்போது இந்தச் சத்தத்தை நம்பலாம். உப்பும் மிளகுப்பொடியும் இப்போது போடுங்கள். ஆற ஆற இறுகும் என்பதால், இறக்கும்போது நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் நீர்த்தே இருக்கட்டும்.

எரிவாயு குறைவாக இருந்தாலோ, மின்சாரம் எப்போது போகுமோ என்று இருந்தாலோ போர்வை முறையைச் செய்யலாம். பழைய முறைதான், உலகப் போர்க் காலங்களில் பிரிட்டனில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் கொதிக்கும் பாத்திரத்தை வைத்துச் சமைத்தார்கள். வைக்கோலுக்குப் பதில் உங்களுக்குப் போர்வை. கஞ்சி நன்றாகக் கொதித்துப் பத்து நிமிடம் ஆன பிறகு, மூடியை இறுக்கமாக மூடி, அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் நாலைந்து மடிப்புச் செய்தித்தாள் விரித்து அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். பெரிய துண்டு ஒன்றால் சுற்றி, அதற்குமேல் இரண்டு போர்வையால் இடைவெளி இல்லாமல் மூடுங்கள். இந்த முறைக்கு மட்டும் பாத்திரம் முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும். காற்றிடம் அதிகம் இருந்தால் சூடு ஓடிவிடும். ஒரு மணி நேரத்தில் அரிசி குழைந்திருக்கும், ஒன்றரை மணி நேரத்தில் பருப்பும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஆவி பறக்காமல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் மறுபடி ஒரு கொதி விட்ட பிறகே பரிமாற வேண்டும்.

இந்த முறையில் ராஜ்மாவைச் செய்யாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதிநிலைக்குக் கீழே மெதுவாக வெந்தால் நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். நாலைந்து பயறு சரியாக வேகாமல் வயிற்றில் போனாலே வாந்திக்குப் போதும். டின்னில் வெந்து வரும் ராஜ்மாவுக்கு இந்தக் கவலை இல்லை, அப்படியே சேர்க்கலாம்.

இங்கே ஒரு சந்தேகம் பலருக்கு வரும், எனக்கும் வந்தது. புயலில் காற்றழுத்தம் இறங்குகிறதே, அழுத்தம் இறங்கினால் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்குமே, அப்போது அரிசி வேகாதா? கடல் மட்டத்தில் வழக்கமான அழுத்தம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல். பலமான புயலின் மையத்தில் அது 950 வரை இறங்கினாலும் தண்ணீர் 98 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே கொதிக்கும். கடல் மட்டத்தில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த அழுத்தம் 870, 1979 அக்டோபர் 12 அன்று மேற்கு பசிபிக்கில் டிப் என்ற சூறாவளிக்குள் அளந்தது. அதற்குள் யாராவது கஞ்சி வைத்திருந்தால் அது ஏறக்குறைய 96 டிகிரியில் கொதித்திருக்கும். ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்தால் வெந்துவிடும். அழுத்தம் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால் சமையலுக்கு எடுக்காதீர்கள். கிருமி மட்டும்தான் பயம் என்றால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் விட்டால் போதும். 2000 மீட்டருக்கு மேல் உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். டீசல், பூச்சிமருந்து மாதிரி ஏதாவது கலந்திருக்கலாம் என்று தோன்றினால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சேமித்த தண்ணீர் இதற்காகத்தான்.

இரண்டாம் நாளுக்குக் கஞ்சி அலுத்துவிட்டது என்றால் வறட்டு ரொட்டி. மாவு, உப்பு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். பிசைந்து அரை மணி நேரம் ஈரத்துணியால் மூடி, வட்டமாக இட்டுச் சூடான தவாவில் இரண்டு பக்கமும் போட்டு எடுக்கலாம். பிசையும் வேலையைப் பயந்துபோயிருப்பவரிடம் கொடுங்கள். காற்று ஓலமிடும்போது சும்மா உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் கைக்கு வேலை வேண்டும். மாவு கைக்கு அடங்க ஐந்தாறு நிமிடம் ஆகும், அதற்குள் தோள் இறங்கும், மூச்சு சீராகும். நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஒரு எலுமிச்சை அளவு உருண்டை கொடுத்துவிடுங்கள். அது என்ன வடிவத்தில் செய்து தந்தாலும் சுட்டுக் கொடுங்கள்.

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. பொடியாக நறுக்கி, மூடிபோட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேகவைத்து, கடைசியில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் அதுவே போதும். முட்டையை முன்கூட்டியே அவித்து வைப்பது நல்ல யோசனை மாதிரித் தோன்றும். ஆனால் அவித்த முட்டை பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெடும், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வேண்டும்போது உடைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்க்கை மறந்துவிட்டேன். கேஸ் எரியும்போதெல்லாம் கூடவே கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கை நிரப்பி வையுங்கள். நடுராத்திரியில் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரு தம்ளர் வெந்நீர் கொடுக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த நேரத்தில் தெரியும். ஓட்ஸ் இருந்தால் கிண்ணத்தில் போட்டு இந்த வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைக்கலாம், அடுப்பே வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் காலையும் மாலையும் ஒன்றுபோலத் தெரியும். எட்டு மணி, ஒரு மணி, ஏழு மணி என்று வழக்கமாக உட்காரும் நேரத்தில் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். வழக்கமான தட்டு, வழக்கமான இடம். புதுச் செய்முறை எதையும் அன்றைக்கு முயற்சிக்க வேண்டாம். குழந்தை ஏற்கெனவே நூறு தடவை சாப்பிட்ட ருசிதான் அதற்கு வேண்டும். ஆறுதல் என்று நாம் சொல்வதில் பாதி பழக்கம். கஞ்சியைத் தட்டில் ஊற்றாமல் கிண்ணத்தில் கொடுங்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாம், சூடு உள்ளங்கையில் ஏறும், ஆவி முகத்தில் படும். வயதானவர் குடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டே இருப்பார். அவசரப்படுத்த வேண்டாம். குழந்தைக்கு மட்டும் ஆறவைத்து, ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். கஞ்சி மேலே ஆறியிருந்தாலும் நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும்.

நடு ராத்திரியில் திடீரென்று காற்று அடங்கி, எல்லாம் முடிந்துவிட்டது மாதிரி அமைதியாகலாம். புயலின் கண் உங்கள் தலைக்குமேல் கடக்கிறது என்றால் இப்படித்தான் இருக்கும். சில நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப வரும். வெளியே வைத்த விறகை எடுக்க, பக்கத்து வீட்டில் பால் கேட்க என்று கதவைத் திறக்காதீர்கள். வேண்டுமானால் அந்த அமைதியில் அடுத்த டப்பாவைத் திறந்து அடுப்பில் ஏற்றுங்கள். வழிகிறதா என்று சத்தத்தை வைத்துக் கவனிக்க அதுதான் நல்ல நேரம்.

மின்சாரம் திரும்பியதும் முதல் வேலை ஃப்ரிட்ஜ். நாணயத்தைப் பாருங்கள். ஃப்ரீசரில் இருந்த இறைச்சியில் இன்னும் பனித்துகள் ஒட்டியிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், அல்லது அன்றைக்கே சமைத்துவிடலாம். கீழ்த்தட்டில் இருந்த பால், சமைத்த உணவு, மீன், இறைச்சி நாலு மணி நேரத்துக்கு மேல் குளிர் இல்லாமல் இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். முகர்ந்தோ ருசித்தோ முடிவு செய்ய வேண்டாம், கெட்டது எல்லாம் நாறாது. ஊறுகாய், ஜாம், வெண்ணெய், கெட்டியான பாலாடைக்கட்டி, முழுக் காய்கறிகள் தாங்கும். வெள்ளநீர் பட்ட உணவு என்றால், உலோக டின்னைத் தவிர, திருகு மூடி போட்ட பாட்டில் உட்பட எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். நசுங்காத, துருப்பிடிக்காத டின்னை மட்டும் லேபிளை உரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுத்துப் பயன்படுத்தலாம். லேபிளை உரிக்கும் முன் உள்ளே என்ன என்று மேலே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

டப்பாவில் அளந்து வைத்த அரிசி பருப்பு ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். அதை மூட்டையில் திரும்பக் கொட்டிவிடாதீர்கள். தெருவில் அடுப்பு எரியாத வீடு ஒன்று இருக்கும். தண்ணீர் எட்டுத் தம்ளர் என்று சொல்லி ஒரு டப்பாவை அப்படியே கொடுக்கலாம். அவர்களிடம் அடுப்பும் இல்லை என்றால் உங்கள் வீட்டிலேயே ஆக்கி, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.